தேனீக்கும் ஒரு பாலாலயம்

என் கணவர் வெங்கடசுப்ரமணியனுக்கு 'முடியாது' என்று ஒரு வார்த்தை இருப்பதே தெரியாது. தமிழிலும் தெரியாது, வங்காளியிலும் தெரியாது. கல்கத்தாவிலேயே பிறந்து, படித்து, கார்டன் ரீச்சில் ரயில்வே கணக்கு ஆபீசில் உட்கார்ந்தே தலை நரைத்த மனிதர். எந்த பாஷையில் யார் எதைக் கேட்டாலும் அவரிடம் இருந்தது ஒரே பதில். "ஆகட்டும், பார்த்துக்கறேன்."

ஆபீசில் யார் லீவு போட்டாலும் அவர்களுடைய ஃபைல் இவர் மேஜைக்கு வரும். மாடி வீட்டு போஸ் பாபுவின் மாமியாரை ஆஸ்பத்திரியில் சேர்த்தால் துணைக்குப் போய்ப் படுப்பது இவர். துர்கா பூஜை சமயத்தில் க்ளப் பையன்கள் சந்தா கேட்டு வந்தால் சந்தாவும் கொடுத்து, பந்தலுக்குக் கரண்டும் எங்கள் வீட்டிலிருந்தே இழுத்துக்கொள்ளச் சொல்வார். ஊருக்கு உபகாரி, வீட்டுக்கு உபத்திரவம் என்று நான் சொன்னால் சிரிப்பார். சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

லேக் கார்டன்ஸில் எங்கள் சந்தின் கோடியில் ஒரு சின்னப் பிள்ளையார் கோயில் இருக்கிறது. இங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து கட்டியது. அதற்கு ராமன் என்று ஒருவர் காரியதரிசியாக இருந்தார். பெண்ணின் பிரசவத்துக்கு அமெரிக்கா போகும்போது, "ரெண்டே மாசம், கொஞ்சம் பார்த்துக்கோங்கோ" என்று பொறுப்பை இவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். பிறந்த குழந்தை இப்போது காலேஜில் படிக்கிறதாம். ராமன் இன்னும் திரும்பி வரவில்லை.

கோயில் காரியதரிசி என்றால் பரிவட்டம் கட்டிக்கொண்டு முன்னால் நிற்கிற வேலை என்று யாராவது நினைத்தால் அவர்கள் எங்கள் வீட்டில் ஒரு வாரம் வந்து இருக்க வேண்டும். மடப்பள்ளிச் சாக்கடை அடைத்துக்கொண்டால் போன். சர்க்கரைப் பொங்கலில் முந்திரி கம்மி என்றால் போன். குருக்களுக்கும் பூக்காரனுக்கும் தகராறு என்றால் இரண்டு பேரிடமிருந்தும் தனித்தனியாகப் போன். இவர் இந்தப் பக்கத்துக்கு ஒரு சின்னப் பொய், அந்தப் பக்கத்துக்கு ஒரு சின்னப் பொய் சொல்லி இரண்டு பேரையும் சமாதானம் செய்வார். பிறகு சோபாவில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போவார். அவர் கால் எவ்வளவு வீங்கியிருக்கிறது என்பது ஊருக்குத் தெரியாது. சாக்ஸைக் கழற்றுகிற எனக்குத் தெரியும்.

முந்தின கும்பாபிஷேகம் ஆகிப் பன்னிரண்டு வருஷம் முடிந்து அடுத்தது வந்தது. அதோடு காரியதரிசி வேலைக்குக் கும்பிடு போட்டுவிடுவதாக என்னிடம் சொல்லியிருந்தார். நான் நம்பவில்லை. ஆனாலும் நாள் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

திருப்பணி என்றால் முதலில் பாலாலயம். கோயிலை உடைத்துப் பூசும்போது சுவாமி கருவறையில் குடியிருக்கக் கூடாது. அவர் சக்தியை ஓர் அத்திப் பலகைக்கு மாற்றி, பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகையில் வைத்துப் பூஜை செய்வார்கள். வேலை முடிந்ததும் கும்பாபிஷேகத்தன்று பழைய இடத்துக்குத் திரும்புவார். வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது நாம் மச்சினர் வீட்டில் போய்த் தங்குகிற மாதிரிதான். ஆவணியில் பாலாலயம் ஆயிற்று. சிவகங்கைப் பக்கத்திலிருந்து கொத்தனார் மூக்கையா தன் ஆட்களோடு வந்து சாரம் கட்டினார். அந்த வாரமே குழந்தைகளும் வந்தார்கள்.

எங்கள் தெருவில் இருக்கும் ஹம்சினிதான் கூட்டி வந்தாள். ஒன்பதாவது படிக்கிற பெண். ஜாதவ்பூரில் பள்ளிக்கூடம். கூட யூனிபாரத்தோடு ஏழெட்டுப் பிள்ளைகள், பின்னால் சுதபா மிஸ் என்று ஓர் இளம் டீச்சர். விஷயத்தை டீச்சர் வங்காளியில் சொன்னார். இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடங்கள் சில ஒன்று சேர்ந்து, எங்கள் வட்டாரத்துக்கென்று ஒரு தேனீயைத் தேர்ந்தெடுக்கப் போகின்றனவாம். மாநிலத்துக்கு ஒரு பறவை, ஒரு மரம் இருக்கிற மாதிரி வட்டாரத்துக்கு ஒரு தேனீ. பிள்ளைகள்தான் ஓட்டுப் போடுவார்கள். ஜெயிக்கிற தேனீயின் படத்தைப் பார்க்குகளில் வைப்பார்கள். அது வந்து உட்காரும் செடிகளுக்குப் பூச்சிமருந்து அடிக்கக் கூடாது என்று வார்டு ஆபீசில் ஒத்துக்கொண்டிருக்கிறார்களாம்.

வேட்பாளர்கள் நாலு பேர். உயரக் கட்டடங்களில் பெரிய அடையாகத் தொங்குகிற மலைத்தேனீ, பெட்டியில் வளர்க்கிற அடுக்குத்தேனீ, பந்தல் மூங்கிலைத் துளைத்துக் குடியிருக்கிற கருவண்டு, அப்புறம் கொசு அளவே இருக்கிற கொசுத்தேனீ. ஹம்சினியின் கூட்டம் கொசுத்தேனீ கட்சி. அதற்குக் கொடுக்கு கிடையாது. 'கொட்டாத கட்சிக்கே உங்கள் ஓட்டு' என்று வங்காளியில் எழுதிய போஸ்டரைக்கூடக் கொண்டு வந்திருந்தார்கள்.

அந்தக் கொசுத்தேனீ எங்கே இருந்தது என்றால், எங்கள் கோயிலின் தெற்குச் சுவரில் தட்சிணாமூர்த்தி தலைக்கு மேலே ஒரு விரிசலில். வியாழக்கிழமை கொண்டைக்கடலை மாலை சாத்த அம்மாவோடு வந்தபோது ஹம்சினி பார்த்திருக்கிறாள். விரிசலிலிருந்து மெழுகுக் குழாய் ஒன்று சுண்டுவிரல் கனத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது. அதன் வாயில் கறுப்பாகப் பொடிப் பொடியாய் ஏதோ போவதும் வருவதுமாக இருந்தது. இத்தனை வருஷமாக அந்தச் சுவரைச் சுற்றி வந்திருக்கிறோம். ஈ மொய்க்கிறது என்று நான் கூட்டுமாறால் தட்டியதுகூட உண்டு.

மூக்கையா சாரத்தின் மேலிருந்தே சொன்னார். "சாமி, இந்த வெடிப்ப அடைச்சுப் பூசுனாத்தான் மேல வர்ணம் ஏறும். நாளைக்கு அந்தப் பக்கம்தான் வேல."

ஹம்சினிக்கு முகம் வெளுத்துவிட்டது. தமிழ் அவளுக்குத் தடுக்கித் தடுக்கித்தான் வரும்.

"மாமா, ப்ளீஸ், ஏக்டு, கொஞ்சம் கேளுங்கோ. உள்ள ஒரு ராணி இருக்கா. அவளுக்குப் பறக்க வராது. மூடினா எல்லாரும் உள்ளயே செத்துப் போயிடுவா."

இவர் அப்போது ஒரு கையில் போனும் இன்னொரு கையில் சிமெண்டு பில்லுமாக நின்றுகொண்டிருந்தார். காலையிலிருந்து சாப்பிடவில்லை. "ஒண்ணும் ஆகாதும்மா. நான் இருக்கேனே. பார்த்துக்கறேன்" என்றார்.

"ப்ராமிஸ்?"

"ப்ராமிஸ்."

பெரியவர்கள் இவர் வாயிலிருந்து 'பார்த்துக்கறேன்' என்பதைக் கேட்டால், சரி, மனிதர் தள்ளிப்போடுகிறார் என்று புரிந்துகொள்வார்கள். குழந்தைகள் அதை வாக்கு என்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள். கை தட்டினார்கள். சுதபா மிஸ் குனிந்து இவர் காலைத் தொட்டு, "உங்களை மாதிரி மனுஷர்கள் இருக்கிறார்கள், மேஷோமோஷாய்" என்று மாமா முறை வைத்துச் சொன்னார். இவருக்குக் கூச்சம் தாங்கவில்லை. அப்போதுதான் தான் என்ன சொன்னோம் என்பதே இவருக்கு உறைத்தது என்று நினைக்கிறேன்.

அன்று சாயங்காலம் கமிட்டியில் கேலிக்குப் பஞ்சமில்லை. தலைவர் குருமூர்த்தி பாங்கில் பெரிய அதிகாரியாக இருந்து ரிடையர் ஆனவர். இன்னும் எதிரே இருப்பவர்களையெல்லாம் தன் ப்ராஞ்சு ஊழியர்களாகவே நினைப்பவர். "என்ன வெங்கடசுப்ரமணியன், ஈக்கு வக்காலத்தா? கும்பாபிஷேகத் தேதியைக் கொசுவைக் கேட்டா வெக்கறது?" என்றார்.

இவர், "சுவாமியே பலகைல குடியிருக்கார். அதுகளும் கொஞ்ச நாள் ஒரு பெட்டில இருக்கட்டுமே. தேனீக்கும் ஒரு பாலாலயம் பண்ணிடலாம்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். மஹாதேவ குருக்கள் மட்டும் சிரிக்காமல், "பேஷாப் பண்ணலாம். அதுவும் ஜீவன்தானே" என்று சொல்லிவிட்டார். குருக்கள் சொன்ன பிறகு குருமூர்த்தியும் சரி என்றுவிட்டார். எனக்கு இவர் மேல் பெருமையாக இருந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. தலைக்கு மேல் இருக்கிற வேலையோடு இதையும் இழுத்துவிட்டுக்கொண்டாரே என்று.

சுதபா மிஸ் பாருய்பூர்ப் பக்கத்திலிருந்து தேனீ வளர்க்கிற ஒருவரை அழைத்து வந்தார். அவர் சுவரைக் கொத்தி, கூட்டை அப்படியே எடுத்து ஒரு மரப்பெட்டியில் வைத்து, கிழக்கு வெளியில் துளசி மாடத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்பத்தில் ஏற்றினார். "இனிமேல் இதை நகர்த்தாதீர்கள். இந்த இடம் அவற்றுக்குப் பாடமாகிவிடும். எடுக்க வேண்டி வந்தால் எங்களைக் கூப்பிடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். வெளியே மேயப் போயிருந்த சில தேனீக்கள் மட்டும் திரும்பி வந்து, மூக்கையா பூசிய ஈரச் சுவரில் வாசலைத் தேடிச் சுற்றின. சில நாளில் அவையும் காணாமல் போயின.

நம் ஜனங்களுக்குக் கோயிலுக்குள் ஒரு பெட்டி இருந்தால் அதைச் சும்மா விட்டுவைக்கத் தெரியாது. மறுநாளே அதற்கு மஞ்சள் குங்குமம் ஏறியது. யாரோ முழம் பூ சுற்றினார்கள். பலகைப் பிள்ளையாரைச் சுற்றியவர்கள் பெட்டியையும் சேர்த்துச் சுற்றினார்கள். ஒரு மாமி, பெண்ணுக்கு வரன் அமைந்தால் பெட்டிக்குப் பால் வைப்பதாக வேண்டிக்கொண்டதாகக் கேள்வி.

பூஜை லீவு முடிந்ததும் மற்றப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசை வரிசையாகப் பார்க்க வந்தார்கள். ஓட்டுப் போடுகிறவர்கள் வேட்பாளரை நேரில் பார்க்க வேண்டாமா? ஒவ்வொரு தடவையும் கதவைத் திறந்துவிட இவர்தான் போக வேண்டும். போவார். ஹம்சினி பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பிரசாரம் செய்வாள். இவர் எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். கூட்டம் போன பிறகும் அங்கேயே இருப்பார். ஒரு நாள் தேடிக்கொண்டு போனேன்.

"என்னன்னா பண்றேள் இங்க?"

"சும்மாதான். இதுகள் என்னை ஒண்ணும் கேக்கறதில்லை, காமு. போறது, வரது, தன் காரியத்தைப் பார்க்கறது. எதிர்க்க உட்கார்ந்தா கொஞ்சம் நிம்மதியா இருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. பிள்ளை ஷ்யாம் பெங்களூரிலிருந்து போன் செய்தால்கூட முதலில் ஏதாவது வேலைதான் சொல்வான். யாரும் ஒன்றும் கேட்காத இடம் இந்த மனிதருக்கு அந்தப் பெட்டிக்கு முன்னால்தான் கிடைத்திருக்கிறது.

தை பிறந்தது. யாகசாலை போட இடம் பார்த்தார்கள். கோயிலில் காலியிடம் என்று இருந்தது அந்தக் கிழக்கு வெளி ஒன்றுதான். குருமூர்த்தி வந்து, "பெட்டியைத் தூக்கிப் பின்னால வெச்சுடுங்கோ" என்றார். பெட்டியை நகர்த்தக் கூடாது என்று தேனீக்காரர் சொல்லியிருப்பதை இவர் சொன்னார். அவர்கள் இரண்டு பேரும் குருக்களைப் பார்த்தார்கள்.

"எதுக்கு நகர்த்தணும்? யாகப் புகை பட்டா பட்ட மரம் துளிர்க்கும்பா. ஜீவனுக்கு அதைவிட ரக்ஷை என்ன இருக்கு? சுவாமி சன்னிதியிலயே இருக்கட்டும்" என்றார் குருக்கள்.

எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. வேறு யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். எங்களுக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. சிறு வயதிலிருந்து கேட்ட பேச்சு அது. ஹோமப் புகையில் கண் எரிந்தால்கூட, நல்லது, கசடு போகிறது என்று கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருகிறவர்கள் நாங்கள். பெட்டியை மூலையில் விட்டு, அதைச் சுற்றியே மூங்கில் நட்டு, மேலே தகரம் போட்டு, கீழே செங்கல்லை அடுக்கிக் குண்டங்கள் கட்டினார்கள். பெட்டிக்கு ஒரு பட்டுத் துண்டும் போர்த்தினார்கள். ஹம்சினி போனில் கேட்டபோது, "அங்கேயேதான் இருக்கும்மா, நகர்த்தலை" என்றார் இவர். அது பொய்யில்லை.

யாகம் நடந்த மூன்று நாளும் என் கணவர் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. ஊரிலிருந்து வந்த சிவாச்சாரியார்களின் ரயில் லேட். ஒருவருக்கு வெந்நீர் வரவில்லை, ஒருவருக்குப் போர்வை போதவில்லை. கார்ப்பரேஷன் தண்ணீர் வண்டி சந்தில் திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டது. எல்லாவற்றுக்கும், "வெங்கடசுப்ரமணியன் எங்கே?" ஊரே சேர்ந்து தேர் இழுத்தது, வடம் மட்டும் இவர் தோளில்.

இரண்டாம் நாள் மத்தியானம் யாகசாலைக்குள் நெய்ச் சூடும் புகையும் முகத்தில் அடித்தன. நான் பூத்தட்டோடு போனபோது இவர் மூலையில் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். பட்டுத் துண்டை விலக்கியிருந்தார். வாசல் குழாயைச் சுற்றித் தேனீக்கள் கொத்தாக வெளியே வந்து உட்கார்ந்திருந்தன.

"காமு, இதுகளுக்கு உள்ள சூடு தாங்கலை போலிருக்கு."

"யாரையாவது கூப்பிட்டுத் தூக்கச் சொல்லுங்கோ. அந்தக் குழந்தைகள் நம்பர்தான் இருக்கே."

"பாவம், அதுகளுக்குப் பரீட்சை சமயம். இங்க இருக்கறவாளும் எல்லாரும் வேலையா இருக்கா. சாயங்காலம் பூர்ணாஹுதி ஆனதும் நானே பார்த்துக்கறேன்."

சாயங்காலம் ஒரு சிவாச்சாரியார் மயக்கம் போட்டு விழுந்துவிட்டார். அவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய், டாக்டரிடம் காட்டி, திரும்பக் கொண்டு வந்து விடுவதற்குள், ராத்திரி சாப்பாட்டுக்கு ரசம் போதவில்லை என்று வேறு கூப்பிட்டார்கள். வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் விழுந்தார். மறுநாள் காலை அதே ஓட்டம்.

கும்பாபிஷேகம் பிரமாதமாக நடந்தது. கலசத்தில் நீர் விழுந்தபோது மேலே கருடன் வட்டமிட்டதென்று எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கல்கத்தாவில் பருந்துக்கா பஞ்சம்? குருமூர்த்தி இவருக்குச் சால்வை போர்த்தினார். பொறுப்பை விடுவது பற்றி இவரும் பேசவில்லை, வேறு யாரும் பேசவில்லை. நான் மட்டும் அந்தச் சால்வையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பந்தலைப் பிரித்தபோது நாங்கள் இரண்டு பேரும் பெட்டியிடம் போனோம். குழாயில் போக்குவரத்து இல்லை. இவர் காதை வைத்துக் கேட்டார். பிறகு மெதுவாக மூடியைத் தூக்கினார். கொசுத்தேனீ தேனைச் சின்னச் சின்ன மெழுகுக் குடங்களில் சேர்த்து வைக்கும். அவ்வளவு குடமும் உருகி உடைந்து ஒன்றாகிக் கிடந்தன. தேன் அடியில் தேங்கி, அதில் தேனீக்கள் கறுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தன. தாங்கள் சேர்த்த தேனிலேயே மூழ்கிச் செத்திருந்தன.

இவர் யாகக் குண்டத்துச் செங்கல் குவியலின் மேல் உட்கார்ந்துவிட்டார். "நான் பார்த்தேனே, காமு. வெளில வந்து உட்கார்ந்திருந்ததே. பார்த்தேனே" என்று மட்டும் சொன்னார். நான் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

விஷயம் தெரிந்து வந்த குருமூர்த்தி பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "ஈதானே, இதுக்கா இடிஞ்சு போய் உட்கார்ந்திருக்கேள்? பறந்து போயிடுத்துன்னு சொல்லிடுங்கோ. ரெக்கை இருக்கறது பறக்காதா?" என்றார். மூக்கையா ஊருக்குக் கிளம்பச் சாரக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவரும், "புள்ளைக மனசு நோகாம எதையாச்சும் சொல்லிச் சமாளிங்க சாமி" என்றார். இவர், "ஆகட்டும், பார்க்கலாம்" என்றார். குருக்களுக்கும் பூக்காரனுக்கும் இத்தனை வருஷம் பொய் சொல்லிப் பழகிய மனிதர். குழந்தைகளுக்கும் அப்படி ஒன்று சொல்லிவிட்டு வந்துவிடுவார் என்றே நானும் நினைத்தேன். அதுகூட நல்லதுதான் என்று இருந்தது எனக்கு.

ஓட்டு எண்ணி, முடிவு சொல்லுகிற விழா ஜாதவ்பூர்ப் பள்ளிக்கூடத்தில். இவரைத்தான் முக்கிய விருந்தாளியாக அழைத்திருந்தார்கள், கூட்டைக் காப்பாற்றிய கோயில்காரர் என்று. கிளம்பும்போது பெட்டியையும் ஒரு வேஷ்டியில் சுற்றி எடுத்துக்கொண்டார். டாக்சியில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

கொசுத்தேனீ பெரிய வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டது. ஹால் முழுக்கக் கூச்சல். ஹம்சினியைப் பிள்ளைகள் தூக்காத குறை. இவருக்கு உத்தரீயம் போட்டார்கள், பூச்செண்டு கொடுத்தார்கள். மேஜை மேல் இருந்த பெட்டியை எல்லோரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். உள்ளே உயிரோடு இருப்பதாக நினைத்து முன் வரிசைக் குழந்தைகள் ஒன்றுக்கொன்று சத்தம் போடாதே என்று சைகை செய்துகொண்டன. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

இவர் மைக்கைப் பிடித்து வங்காளியில் பேசினார். சுற்றி வளைக்கவில்லை.

"நீங்கள் ஓட்டுப் போட்ட தேனீக்கள் இந்தப் பெட்டியில் செத்துக் கிடக்கின்றன. பறந்து போகவில்லை. எங்கள் யாகத்துப் புகையிலும் சூட்டிலும் செத்தன. அங்கே அப்படியே இருக்கட்டும் என்று விட்டவன் நான். அவை தவித்ததைக் கண்ணால் பார்த்தவனும் நான். சாயங்காலம் பார்க்கலாம் என்று போனேன். பார்க்கவில்லை. உங்களுக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லியிருந்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள்."

சுதபா மிஸ் வாயைப் பொத்திக்கொண்டார். ஹம்சினி மேடைக்கு ஏறி வந்தாள். பெட்டியின் மூடியைத் திறந்து பார்த்தாள். கத்துவாள், அழுவாள் என்று நான் பயந்தேன். அவள் இவரை நிமிர்ந்து பார்த்துத் தமிழில் கேட்டாள்.

"எங்களுக்கு ஏன் ஒரு போன் பண்ணலை, மாமா? நாங்க வந்து தூக்கிண்டு போயிருப்போமே."

"உங்களுக்குப் பரீட்சைன்னு..."

"பரீட்சை காலைலதான். மத்தியானம் எல்லாரும் ஆத்துலதான் இருந்தோம். பத்து நிமிஷத்துல வந்திருப்போம். ஒரு போன், மாமா."

"தோணலைம்மா" என்றார் இவர். மைக் இன்னும் கையில் இருந்ததால் அது ஹால் முழுக்கக் கேட்டது. அப்போதுதான் அவள் அழுதாள். இவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

கல்யாணமான நாளிலிருந்து இவரோடு சண்டை போடுகிறேன். ஏன் முடியாதென்று சொல்ல மாட்டேன் என்கிறீர்கள் என்பதுதான் என் சண்டை. இந்தப் பெண் கேட்டது வேறு, ஏன் எங்களைக் கூப்பிடவில்லை என்று. அதை நான் ஒரு நாளும் கேட்டதில்லை. நியாயமாகப் பார்த்தால் அதைக் கேட்டிருக்க வேண்டியவள் நான்தான்.

வெளியே வந்து டாக்சியில் ஏறினோம். பெட்டியைப் பள்ளிக்கூடத்திலேயே வாங்கி வைத்துக்கொண்டுவிட்டார்கள். இவர் மடியில் வேஷ்டி மட்டும் இருந்தது. முகத்தில் ரத்தமே இல்லை. வண்டி சிக்னலில் நிற்கும்போது போன் அடித்தது. குருமூர்த்தி. கும்பாபிஷேகம் முடிந்து மண்டலாபிஷேகம் நடக்கிற சமயம், தினமும் ஏதாவது ஒன்று இருக்கும். இவர் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அடித்து நின்றது. மறுபடியும் அடித்தது.

எடுப்பார், எடுத்து ஆகட்டும் என்பார் என்று நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என் கையில் ஏதோ பட்டது. போனை என்னிடம் நீட்டிக்கொண்டிருந்தார்.

"காமு, நீ பேசேன். என்னால முடியலை."

"என்ன சொல்லட்டும்?"

"எதையாவது சொல்லு. உனக்கு என்ன தோணறதோ அதைச் சொல்லு."

வாங்கிக்கொண்டேன். இவர் வாயிலிருந்து 'முடியலை' என்ற இந்த ஒரு வார்த்தையைக் கேட்பதற்காக எத்தனை வருஷம் காத்திருந்தேன்! சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான். எனக்கு ஓவென்று அழ வேண்டும் போல இருந்தது.

"காமு பேசறேன்" என்றேன். "அவருக்கு உடம்பு முடியலை. நாளைலேர்ந்து கோயிலுக்கு வர மாட்டார். வேற ஆளைப் பாருங்கோ."

குருமூர்த்தி அந்தப் பக்கத்தில் என்னென்னவோ கேட்டார். நான் பதில் சொல்லிக்கொண்டே இவரைத் திரும்பிப் பார்த்தேன். போனைப் பிடுங்கிக்கொண்டு சமாதானம் சொல்லப்போகிறாரோ என்று ஒரு பயம். இவர் கண்ணை மூடியிருந்தார். தூங்கவில்லை. நான் பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கேட்டுவிட்டு, செருப்பிலிருந்து வீங்கிய காலை வெளியே எடுத்து நீட்டிக்கொண்டார்.